எடை மேடை காட்டிய நூற்று நாற்பது

காலை ஐந்து பத்துக்கு லோகு போன் செய்தான். என் கணவர் எட்வர்டுடன் அதே ஷிப்டில் வேலை பார்ப்பவன். "அக்கா, அண்ணன் தூங்கறாருன்னு நெனச்சிக்கினு எழுப்பாம உட்டுட்டோம். இப்ப எழுப்பினா எழுந்திரிக்கல" என்றான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

எட்வர்ட் தேர்வாய் கண்டிகையில் ஓர் இரும்புக் கம்பெனியின் எடை மேடையில் பதினான்கு வருடம் இருந்தார். லாரி மேடையில் ஏறி நின்றதும், திரையில் வரும் எடையைச் சீட்டில் அடித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர். அந்த நாற்காலியும் இரண்டு முறை உடைந்தது. "நைனா, நீ கொஞ்சம் எட்ட நில்லு, என் வண்டி எடை ஏறுது" என்று ஆந்திரா டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். எவ்வளவு இன்சுலின் போட்டாலும் உடம்பு அதற்கு மசியவில்லை. கடைசியில் காலையிலும் மாலையிலும் நாற்பது யூனிட் வரை போனது. காலில் புண் வந்த பிறகு, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலை மாற்றி இணைக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார் சென்னை டாக்டர். மேசையிலேயே போய்விடுவாரோ என்று பயந்தேன். நல்லபடியாக முடிந்தது. இன்சுலினை எட்டு யூனிட்டாகக் குறைத்து, சர்க்கரையைப் பார்த்த பிறகே போடச் சொல்லி அனுப்பினார்கள்.

பதினெட்டாம் நாள் வேலைக்குப் போனவர் முகம் வாடித் திரும்பினார்.

"மேடையில ஏறிப் பாத்தேன் ஷைனி. ஆபரேஷனுக்கு முன்னாடியும் நூத்தி நாப்பது, இப்பவும் நூத்தி நாப்பது."

"அது லாரிய நிறுக்கறதுங்க. பத்துப் பத்து கிலோவாத்தானே காட்டும்."

"பதினாலு வருஷத்துல ஒரு நாளு பொய் சொன்னதில்ல அது. எடை அப்டியே கீது, ஊசி மட்டும் எப்டி கொறையும்? ஆஸ்பத்திரில சும்மா படுத்துக்கினு இருந்தேன், அதுக்கு எட்டு போதும்."

இருபது போட்டுக்கொண்டார். மறுநாள் சட்டை நனைய வியர்த்தது, கை நடுங்கியது, என்னை விக்டோரியா என்று தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சர்க்கரை ஏறிவிட்டது என்று அவரே முடிவு செய்து நாற்பதுக்குப் போனார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பது வருடமும் ஏறுவதற்கு மட்டுமே பயந்து பழகியவள் நான். இறங்குவதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியவில்லை.

அன்று மாலை நாற்பது யூனிட் போட்டுக்கொண்டு, அரை டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி குடித்தார். அதற்கு மேல் இறங்கவில்லை. நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"எடை கொறைய மாசக்கணக்காகும்மா" என்றார் டாக்டர், எல்லாம் முடிந்த பிறகு. "ஆனா உடம்பு இன்சுலினுக்கு மசியறது சில நாள்லயே ஆரம்பிச்சிடும். சாப்பாடு கொஞ்சம், குடல்ல சுரக்கறதும் மாறிடுது. பழைய அளவு போட்டா சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும், அந்த உடம்பு தாங்காது."

மேடை நூற்று நாற்பது காட்டியதைச் சொன்னேன். அவர் பைலைப் புரட்டினார். ஆபரேஷனுக்கு முன் நூற்று நாற்பத்து நான்கு. பிணவறையில் நிறுத்தபோது நூற்று முப்பத்தாறு. லாரி மேடைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போதும் போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. அணைத்து வைக்கவும் பயமாக இருக்கிறது.

புதன்கிழமை மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன், அந்தக் கடைசி நைட் ஷிப்டுக்கு அவர் கிளம்பிப் போனதும், டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைக்கலாம் என்று ஒரு காலண்டர் தாளைக் கிழித்தேன்; எழுதும்போதே தூங்கிவிட்டேன். "ஒன்று: ஊசி இப்போது எத்தனை யூ" என்பது வரை எழுதியிருக்கிறது.