குசினிக்குள் கேட்ட உதைபந்தாட்டம்

கொரியாவில் எங்களுக்குச் சம்பந்தி கிடைப்பார்கள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அது எந்தப் பக்கம் இருக்கிற இடம் என்று கேட்டிருப்பேன். எங்கள் மகள் அங்கே பிரெஞ்சு படிப்பிக்கப் போனாள். ஒரு வருடத்தில் வந்துவிடுவேன் என்றாள். வந்தாள்தான், கூடவே ஒரு கொரியப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை. மொன்றியலில் எங்கள் கோயிலில் வேட்டி கட்டி இருந்து, குருக்கள் சொன்ன மந்திரங்களை எங்கள் பொடியன்களைவிடத் திருத்தமாகத் திருப்பிச் சொன்னார். தாலியைக் கட்டினார், மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் கொரியாவுக்கே போய்விட்டார். அந்த நேரம் சம்பந்தி ஐயாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அதனால் அவரும் சம்பந்தி அம்மாவும் கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து நாங்கள் போய்த்தான் அவர்களை நேரில் கண்டோம்.

போனதற்குக் காரணம் இருந்தது. மகளுக்கு ஆறாம் மாதம். முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. இரண்டாம் தடவை அவள் தொலைபேசியில் சொன்ன அன்றே நான் முருகனுக்கு முன்னால் நின்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை சுகமாகப் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரைக்கும் மச்சம் வாயில் வைப்பதில்லை. இறைச்சியை விடுவது எனக்குப் பெரிய விஷயமல்ல. மீனும் நெத்தலியும்தான் பெரிய விஷயம். அது முருகனுக்கும் தெரியும்.

இந்த நேர்த்தி என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால், அம்மாவே பயந்து போயிருக்கிறா என்று அவளுக்கும் பயம் வந்துவிடும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு ஏன் அந்தப் பயம்?

ஆனால் அவளுக்குத் தெரியாததால் வந்த வினையைக் கேளுங்கள். "எங்கட அம்மாவுக்கு மீன் எண்டால் உயிர்" என்று அவள் மாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நாங்கள் இஞ்சியோன் விமான நிலையத்தில் போய் இறங்கினோம். என் கணவர் மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் பெட்டி ஏற்றி இறக்கினவர். அங்கே பெட்டிகள் வருகிற வாரைப் பார்த்தவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இஞ்சேரும், ஒரு பெட்டியெண்டாலும் தலைகீழா வருதோ பாரும்!"

"நாங்கள் சம்பந்தியைப் பாக்க வந்தனாங்கள் அப்பா, பெட்டியைப் பாக்க வரேல்லை" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் சம்பந்தி ஐயா எங்கள் வயதைக் கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். அவரைவிட என் கணவருக்கு நாலு மாதம் கூட. உடனே மேசையில் தலைப்பக்கத்து இடத்தை இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூத்தவர் கரண்டியைத் தூக்கினால்தான் மற்றவர்கள் தூக்கலாமாம். இவருக்கு அது தெரியாது. வீட்டுக்காரர் சாப்பிடுங்கோ என்று சொல்லட்டும் என்று இவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். இவர் தொடட்டும் என்று அவர்கள் இருக்கிறார்கள். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. கடைசியில் மகள்தான், "அப்பா, பசிக்குது, கெதியாத் தூக்குங்கோ" என்றாள்.

அந்த மேசையில் என்ன இல்லை! பொரித்த மீன், அவித்த மீன், நண்டு, இனிப்பும் உறைப்புமாகப் பிரட்டிய நெத்தலி. நெத்தலி வாசம் வந்ததும் நான் மனதுக்குள் முருகா என்றேன். பெரிய மீனின் நடுத்துண்டைச் சம்பந்தி அம்மா என் கோப்பையில் வைத்தார். நான் சிரித்துக்கொண்டு அதை எடுத்து அவருடைய கோப்பையில் வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு திருப்பி என்னுடையதில் வைத்தார். மூன்று தடவை அந்த மீன் அங்கும் இங்கும் போய் வந்தது. என்ன மரியாதை தெரிந்த மனுசி என்று நினைத்தேன். பிறகு ஒருவரும் பார்க்காத நேரத்தில் மீன் இவருடைய கோப்பைக்குப் போனது. நான் சோறும் பயற்றம் முளையும் கீரையும், எனக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் இருந்த கிம்சியும் சாப்பிட்டேன். கிம்சி என்பது முட்டைக்கோவா இலையில் உறைப்புப் போட்டுப் புளிக்க வைத்த ஊறுகாய். மரக்கறிதானே என்று ஆசையாகத் தின்றேன்.

"மாமி கேக்கிறா, ஏன் மீன் தொடேல்லை எண்டு" என்றாள் மகள்.

வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். "பிளேன்ல வந்தது வயித்துக்கை ஒரு மாதிரிக் கிடக்கு, பிள்ளை. பேந்து சாப்பிடுறன் எண்டு சொல்லு."

அது நான் செய்த பெரிய பிழை. அடுத்த நாள் காலை சம்பந்தி அம்மா சந்தைக்குப் போய் வந்து, வயிற்றுக்கு நல்லது என்று ஒரு கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். சோற்றுக் கஞ்சி என்று நினைத்துக் கரண்டியைத் தூக்கினேன். மகள் சந்தோசமாகச் சொல்கிறாள்: "அம்மா, இது கடல்ல எடுக்கிற ஒரு வகைச் சிப்பி போட்ட கஞ்சி. சரியான விலை. வருத்தக்காரருக்கு எண்டுதான் காய்ச்சுறவை."

எல்லோரும் எழும்பிப் போகும்வரை ஊதி ஊதிக்கொண்டிருந்தேன். பிறகு கிண்ணத்தை இவரிடம் தள்ளினேன்.

"நேர்த்தி உமக்கு, வயித்துவலி உமக்கு, கஞ்சி மட்டும் எனக்கோ?" என்றார் இவர். ஆனால் அடிவரை வழித்துக் குடித்தார். சம்பந்தி அம்மா திரும்பி வந்து வெறும் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு இவருடைய மீசையைப் பார்த்தார்.

எனக்குச் சாப்பாடு பெரிதில்லை. பயம் என்னவென்றால், இந்த மனுசி தன் சமையலை நாங்கள் அருவருக்கிறோம் என்று நினைத்துவிட்டால்? நாங்கள் இரண்டு கிழமையில் போய்விடுவோம். அந்த வீட்டில் வாழப் போகிறவள் என் பிள்ளை. நேர்த்தியையும் காக்க வேண்டும், மகளின் மாமியாரையும் நோகடிக்கக் கூடாது. காலையில் விளக்கு வைக்க இடமில்லாமல், யன்னலோரம் நின்று தேவாரம் பாடிவிட்டு, இதைத்தான் முருகனிடம் கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கொரிய அணியின் உதைபந்தாட்டம். சம்பந்தி ஐயாவுக்கு உதைபந்தாட்டம் என்றால் எங்களுக்குத் திருவிழா மாதிரி. ஆளுக்கொரு சிவப்புச் சட்டை வாங்கி வைத்திருந்தார். நான் சீலைக்கு மேலே போட்டுக்கொண்டேன். இவருக்கு வயிறு கொஞ்சம் இடைஞ்சல் பண்ணியது. பொரித்த கோழி பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஆட்டம் பார்க்கிறபோது அதுதான் சாப்பாடாம்.

மேசையை அடுக்கிக்கொண்டே மகள் சொன்னாள்: "அம்மாவுக்குக் கிம்சி நல்லாப் பிடிச்சுப்போச்சு என்ன? மாமி உப்பு இறால் அரைச்சுப் போட்டுத்தான் செய்யிறவா. அதுதான் அந்த ருசி."

மூன்று நாளாக மூன்று வேளையும் தின்றிருக்கிறேன். பிள்ளைக்காகச் சொன்ன வாக்கு. இனி என்ன செய்வேன்?

ஆட்டம் தொடங்கியது. எதிரணி எந்த நாடு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, வெள்ளைச் சட்டைக்காரர்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். சம்பந்தி ஐயா மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவர் உடனே எழும்பிக் குசினிக்குள் போனார்.

"என்ன, சண்டையோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா! மாமி பாத்தால் கொரியா தோக்குமாம். மாமா சொல்லுவார். மாமியும் நம்புறா."

இதை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மொன்றியலில் எங்கள் வில்லரே வீட்டில் கிரிக்கெட் பார்க்கிறபோது, நல்லாய்ப் போகுது என்றால், கால் விறைத்தாலும் ஆட்களை எழும்ப விடமாட்டார் இவர். நானும் எழும்பிச் சம்பந்தி அம்மாவுக்குப் பின்னால் போனேன். கோழி வாசத்திலிருந்தும் தப்பலாம்.

குசினி நிலத்தில் கடதாசி விரித்து, காய்ந்த நெத்தலியைக் குவித்து வைத்து, தலையும் குடலும் கிள்ளிக்கொண்டிருந்தார் சம்பந்தி அம்மா. நானும் முன்னால் சப்பாணி கட்டி இருந்து கிள்ளத் தொடங்கினேன். அது கைக்குத் தெரிந்த வேலை. என் வேகத்தைப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெருவிரலைக் கண்டதும் எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

அவர் பதறிப்போய்த் தொலைபேசியை எடுத்தார். அவர் கொரிய மொழியில் சொல்ல, அது தமிழில் எழுதிக் காட்டியது. "ஏன் அழுகிறீர்கள்? என் உணவு பிடிக்கவில்லையா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எங்கள் பேச்சு அதற்கு விளங்காது என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். "குழந்தை நலமாகப் பிறக்க வேண்டும். அதற்காக நான் மீனும் இறைச்சியும் உண்பதில்லை என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்தேன். தெரியாமல் இறால் போட்ட கிம்சியைச் சாப்பிட்டுவிட்டேன்."

வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எனக்கு ஒரு கணம் கோபம்தான் வந்தது. அவரோ காற்சட்டையை முழங்காலுக்கு மேலே இழுத்துக் காட்டினார். இரண்டு முழங்காலிலும் பிளாஸ்டர். தொலைபேசி சொன்னது: தினமும் விடியற்காலையில் புத்தருக்கு நூற்றெட்டுத் தடவை விழுந்து கும்பிடுகிறார், நூறு நாளைக்கு. மருமகளுக்காக. அந்த நூறு நாளும் அவருக்கும் மீன் இல்லை, இறைச்சி இல்லை.

எனக்கு அந்த நடுத்துண்டு மீன் நினைவுக்கு வந்தது. அவருக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிற மாதிரிக் கையால் செய்து காட்டினார். விரதக்காரிகள் இரண்டு பேர், ஒரு மீன். நெத்தலிக் குவியலுக்கு மேலே குனிந்துகொண்டு இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம்.

"கிம்சி?" என்று கேட்டேன். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

குளிர்ப்பெட்டியைத் திறந்து இரண்டு பாத்திரம் காட்டினார். பெரியது வீட்டுக்காரருக்கு, இறால் போட்டது. நீல மூடி போட்ட சின்னது கோயில் முறைப்படி, இறால் இல்லாமல் தனக்கென்று செய்தது. மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கிண்ணம் அதுதான். அவர் சொன்னதைத் தொலைபேசி எழுதியது: "மூன்று நாட்களாக என்னுடையதை நீங்கள் முடித்துவிட்டீர்கள். எனக்குக் கொஞ்சமும் மிச்சமில்லை."

பிறகு இதுவும்: "கஞ்சி குடித்தது உங்கள் கணவர். எனக்குத் தெரியும்."

ஏன் மருமகளுக்கு இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் அவள் பயப்படுவாள்" என்று வந்தது. நான் நினைத்ததை அப்படியே வேறொருவர் சொல்லிக் கேட்கிறபோது உடம்பு சிலிர்க்கும் என்பார்கள். எனக்குச் சிலிர்த்தது. முதல் நாள் வீட்டுக்காரரின் பெரிய கிண்ணத்திலும் ஒரு துண்டு எடுத்தேனா என்பது மட்டும் நிச்சயமாக நினைவில் இல்லை. அதை முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து கூடத்தில் வீடு அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல். கொரியா கோல் போட்டுவிட்டது. சம்பந்தி ஐயா முழங்கால் நோவையும் மறந்து ஓடி வந்து கதவைத் திறந்தார். நிலத்தில் இருந்த எங்கள் இரண்டு பேரையும் கண்டார். இடுப்பு வளையக் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கதவை இறுக்கிச் சாத்தினார்.

"அம்மா, ரெண்டு பேரும் வெளியில வரக் கூடாதாம்!" என்று மகள் கத்தினாள்.

"இஞ்சேரும், அப்பிடியே அசையாம இரும்!" என்று இவரும் கூடக் கத்தினார். வந்து நாலு நாளில் இவரும் கொரியக்காரர் ஆகிவிட்டார்.

மிச்ச ஆட்டம் முழுவதும் நாங்கள் குசினிக்குள்தான். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சுகிற கடற்பாசி சூப்புக்கு வாங்கி வைத்திருந்த காய்ந்த பாசிக் கட்டை அவர் காட்டினார். நான் மொன்றியலிலிருந்து கொண்டுவந்து குசினியில் வைத்திருந்த பிள்ளைப்பேற்றுச் சரக்குத் தூளைக் கொடுத்தேன். மணந்து பார்த்துத் தும்மினார். முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு கூச்சல். இரண்டுக்கு ஒன்று என்று கொரியா வென்றது. சம்பந்தி ஐயா தன் கையால் பேரிக்காய் வெட்டித் தட்டில் கொண்டுவந்து எங்களுக்குத் தந்தார். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு அவர் பழம் வெட்டிய முதல் நாள் அதுதானாம்.

நாங்கள் வெளிக்கிடுகிற அன்று, துப்புரவாக்கிய நெத்தலியில் ஒரு பொட்டலம் என் பையில் வைத்தார் சம்பந்தி அம்மா. பிள்ளை பிறக்கும்வரை பிறக்கக் கூடாது என்று தொலைபேசியில் காட்டினார். திறக்கக் கூடாது என்றுதான் தொலைபேசிக்குச் சொல்லியிருப்பார், ஆனால் அது அப்படித்தான் எழுதியது.

பிள்ளை பிறந்தாள். சுகமாக, நிறைந்த தலைமுடியோடு. முப்பத்தொன்று கழிந்த பிறகு கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, நேர்த்தியை முடித்துக்கொண்டு வந்தேன். சம்பந்தி அம்மாவின் நூறு நாள் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் எனக்காக அவரும் மச்சம் தொடாமல் இருந்திருக்கிறார். அடுத்த நாள் எங்களுக்கு விடிய ஏழு மணி, அவர்களுக்கு இரவு. இரண்டு பக்கமும் தொலைபேசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டோம். நான் அந்த நெத்தலியை வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பிரட்டியிருந்தேன். அவர் தன் முறையில் இனிப்பாகப் பிரட்டியிருந்தார். ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று வாயில் வைத்தோம். எத்தனை மாதம்! நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இந்த நேர்த்திக் கதை மகளுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. "ரெண்டு பேரும் சரியான கள்ளியள்" என்று சொல்லிச் சிரித்தாள், மூக்கையும் உறிஞ்சினாள்.

அன்றைக்கும் கொரியாவுக்கு ஆட்டம் இருந்தது. இங்கே இவர் சிவப்புச் சட்டையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் சம்பந்தி ஐயா ஏதோ சத்தம் போட்டார். மகள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, எதிரணி ஒண்டு அடிச்சிட்டுது. மாமா சொல்லுறார், ரெண்டு பேரும் உடன குசினிக்குப் போகட்டாம்."

நான் தொலைபேசியையும் நெத்தலிக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் சம்பந்தி அம்மாவும், தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மகளும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்துவது தெரிந்தது. அப்போது அவர்களுடைய கூடத்துக்குள்ளே இருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"ஏன் பிள்ளை அவளை அங்க வச்சிருக்கிறாய்?" என்றேன் மகளிடம். "அவளையும் குசினிக்குள்ள கொண்டு வா."