நான் திறக்காத தம்

பிரியாணி நன்றாக இல்லாத வீட்டில் எங்கள் பெரியப்பா சம்பந்தம் பேசமாட்டார் என்று சொந்தத்துக்குள் கேலி பேசுவார்கள். வடமதுரையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கறி விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார். விசேஷம் என்றால் அய்யலூர்ச் சந்தைக்குத் தானே போய் ஆடு பிடித்து வருவார்.

அப்படிப்பட்ட அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போன சித்தப்பா அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மாதான் போனிலேயே கரையாய்க் கரைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சம்மதிக்க வைத்தாள். சித்தப்பாவும் சித்தியும் முதல்நாளே வந்துவிட்டார்கள். பெரியப்பா முகம் கொடுத்துப் பேசினால் சித்தி இந்தக் குடும்பத்துப் பெண். பாதியில் கையை உதறிவிட்டு எழுந்தால் அதோடு சரி.

பிரியாணியை நானே செய்கிறேன் என்றாள் சித்தி. அம்மாவுக்கு உள்ளூர உதறல்தான். எங்கள் ஊரில் கறி மசாலாவிலேயே தண்ணீர் அளந்து ஊற்றி, அரிசியைப் போட்டு வேகவைப்போம். சித்தி வீட்டு வழக்கம் வேறு. அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறி ஒரு அடுக்கு, சோறு ஒரு அடுக்கு, நடுவே புதினாவும் பொரித்த வெங்காயமும் என்று அடுக்கி, மூடிமேல் கனம் வைத்து, சிறு தீயில் தம் போடுவது. அவள் அடுக்கும் அழகை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பாவம், அவள் கை பழகியது நீள அரிசிக்கு. எங்கள் வீட்டில் இருந்தது சீரகச் சம்பா. அந்தப் பொடி அரிசி, அவள் முக்கால் பதம் என்று வடிக்கும்போதே முழுசாக வெந்திருந்தது.

பெரியப்பா வந்து இலை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அம்மா அடுப்படியில் மூடியைத் திறந்தாள். அடுக்கும் இல்லை, பருக்கையும் இல்லை. கோயில் பொங்கல் மாதிரி இருந்தது. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள். அம்மா மூடியைப் படக்கென்று திரும்பப் போட்டாள். பிறகு என் கையைப் பிடித்துத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

“தம் போட்ட சட்டியத் தொறக்காதடின்னு அம்புட்டுச் சொன்னேன், கேட்டாளா? அவ பக்குவமாத்தான் வச்சா. இவ தொறந்து தொறந்து பாத்து, சோறு பூராம் கொழைஞ்சு போச்சு!”

நான் அதை விரலால்கூடத் தொடவில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. பெரியப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கதவோரம் கண் சிவந்து நின்ற சித்தியைப் பார்த்தார். “பொட்டக்கழுதைக்கு அடுப்படில என்ன வேல?” என்று என்னை ஓர் அதட்டு அதட்டினார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். பிசையவேண்டிய அவசியமே இல்லாத சோறு. பாதியில் தலை நிமிராமலே சித்தியிடம் சொன்னார்: “கறி பதமா இருக்கு தாயி. இன்னும் செத்த வையி.”

சித்தி ஓடிவந்து பரிமாறினாள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் சிரிக்க, நான் மட்டும் மூலையில் அழுதேன். சித்தி நல்லி எலும்பாகப் பொறுக்கி எடுத்து வந்து எனக்கு ஊட்டினாள். எலும்பை வாங்கிக்கொண்டேன், யாரையும் மன்னிக்கவில்லை.

இப்போது என் வீட்டில் நானும் சீரகச் சம்பாவில் தம் போடுகிறேன். போன மாதம் அவசரத்தில் நிஜமாகவே பாதியில் மூடியைத் திறந்துவிட்டேன். ஆவி போய், அரிசி விறைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்மைத் திறந்தால் சோறு வேகாது. குழையவே குழையாது. பதற்றத்தில் அம்மாவுக்குப் பொய் தலைகீழாக வந்திருக்கிறது. பிரியாணியிலேயே ஊறிய பெரியப்பாவுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் என்னை அதட்டினார், தெரிந்தேதான் இன்னும் வை என்றார். அவர் மட்டும் அன்றைக்கு நியாயம் பேசியிருந்தால் எனக்குச் சித்தி இல்லை. நினைத்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அன்று அவர் கிளம்பும்போது என் தலையைத் தடவி, “வாரேன் ஆத்தா” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.