கப்பல் வந்த மறுநாள் கிறிஸ்துமஸ்

அந்தமானில் எங்கள் மாயாபந்தரில் கிறிஸ்துமஸ் இரண்டு முறை வரும். முதலாவது நாள்காட்டியில் உள்ளபடி, டிசம்பர் இருபத்தைந்து. அன்று பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன்காரர்களும், ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களும், பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களும் அவரவர் கோயிலில் தனித்தனியே ஆராதனை நடத்துவார்கள். இரண்டாவது, இந்த மூன்று சபைகளும் சேர்ந்து ஊருக்கே சோறு போடும் நாள். இந்தியில் கிறிஸ்துமஸுக்கு படா தின் என்று பெயர். நாங்கள் இந்தச் சாப்பாட்டைத்தான் படா தின் என்போம். எந்தக் கோயிலுக்குப் போகிறவரும், எதற்கும் போகாதவரும் வரலாம். எல்லோரும் வருவார்கள்.

அதற்குத் தேதி கிடையாது. போர்ட்பிளேரிலிருந்து கப்பல் வந்த மறுநாள் என்பதே வழக்கம். அரிசி, மைதா, உலர்ந்த திராட்சை எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும். ஒரு வருடம் அது பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. யாரும் அதை வினோதமாக நினைக்கவில்லை.

நான் கப்பல் அணையும் ஜெட்டியில் டிக்கெட் எழுதும் குமாஸ்தா. மூன்று சபைகளும் கூடி என்னைக் கமிட்டிச் செயலாளராக வைத்திருந்தன. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். மூன்றில் எதிலும் இல்லாதவன், ஆகவே மூன்றுக்கும் பொதுவானவன் என்பது இன்னொன்று. நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதுவேன். தமிழ்ச் சபைப் பாதிரியார் திருநெல்வேலிக்காரர். "என்னய்யா, இன்னைக்குப் பட்டை கொஞ்சம் கோணலா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபத்தைத் தொடங்குவார்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு வருடம், தூரத்துக் காட்டு முகாமிலிருந்து ராஞ்சிக்காரர்கள் ஏழு பேர் டிங்கியில் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தபோது அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தோம். கப்பல் வந்த சேதி அவர்களுக்கு ஒரு நாள் பிந்திப் போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஆகவே அடுத்த வருடம் நான் தேதி குறித்தேன். கப்பல் அட்டவணை என் மேசைக்கு எதிரேயே ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கப்பல், சனிக்கிழமை படா தின். முப்பத்தாறு அறிவிப்புகள் கையால் எழுதினோம். இந்தியிலும் தமிழிலும் நான், வங்காளிக் கிராமங்களுக்காக வங்காளத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். டிங்கிகளில் எல்லாக் கிராமங்களுக்கும் அனுப்பினேன். கரேன் சபை மூப்பர் தன் பிரதியை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "பாபு, ஜஹாஸ் கோ பதாயா?" என்று கேட்டார். கப்பலுக்குச் சொல்லிவிட்டாயா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படா தின்னுக்கு நெய்ச்சோறு ஆக்குபவர் ஜெட்டி ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், கீழக்கரைக்காரர். ஆட்டையும் அவரே அறுப்பார். அப்போதுதான் எல்லோரும் ஒரே அண்டாவிலிருந்து சாப்பிட முடியும் என்று சபைகள் எந்தக் காலத்திலோ தீர்மானம் செய்திருந்தன. மாமிசம் சாப்பிடாதவர்களுக்கான தனி அடுப்பு என் பொறுப்பு. பாய்க்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவார். மனைவியோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் பதினொரு மாதம் தேறாது என்று அவரே சொல்வார். அந்த அம்மாளுக்கு இது கைதிகள் ஊர். போனவர் திரும்பாத ஊர்.

டிசம்பரில் ஒரு காலை பாய் கவுண்ட்டருக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"தம்பி, வர்றா! மெட்ராஸ்ல கப்பல் ஏறிட்டான்னு தந்தி. போர்ட்பிளேர்ல கப்பல் மாறி வெள்ளிக்கெழம இங்கிட்டு எறங்குறா."

"எப்படி பாய் சம்மதிச்சாங்க?"

"படா தின்னப் பத்தி எழுதுனேன். நீ எறங்குன மறுநா ஊரே கூடி விருந்து வைக்கும், வந்து ஒரு பார்வ பாரு, புடிக்கலைன்னா அடுத்த கப்பல்ல போயிருன்னு. ஆனா திரும்பிப் போற டிக்கெட்ட இப்பவே போட்டு வைக்கணுமாம். எறங்குன ஒடனே கையில குடுக்கணுமாம்."

அடுத்த கப்பலின் பட்டியலில் முதல் பெயராக அவர் மனைவியின் பெயரை எழுதினேன்.

"விருந்து சனிக்கெழமதான? மாறாதே?"

"ஊரூருக்கும் எழுதி அனுப்பியாச்சு பாய். மாறாது."

புதன்கிழமை வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. கடல் சரியில்லை, கப்பல் போர்ட்பிளேரை விட்டுக் கிளம்பவில்லை, எப்போது கிளம்பும் என்று தெரியாது. அன்று மாலையே, தன் கிராமத்துக்குப் போயிருந்த கரேன் மூப்பர் இல்லாமலே, கமிட்டி கூடியது. பாய் வாசலிலேயே நின்றார்.

"தள்ளி வைங்க ஐயா. எப்பவும் கப்பல் வந்த மறுநாதான? அவ எறங்கி வர்றப்ப கழுவுன அண்டாவக் காட்டவா?"

அண்டா என்றதும் என்னால் தலை நிமிர முடியவில்லை. அறிவிப்புப் போன கிராமங்களுக்கெல்லாம் இரண்டு நாளில் மறு அறிவிப்பு எட்டாது. வருகிறவர்களைப் பசியோடு திருப்பி அனுப்ப முடியாது என்று சொன்னேன். சொன்னது சரிதான். ஆனாலும் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கப்பல் ஆபீஸ்காரனே கப்பல நம்பித் தேதி குறிச்சிருக்கான். வெளிய சொன்னா சிரிப்பாங்கய்யா," என்றார் பாதிரியார். பிறகு பாயைப் பார்த்தார். "வாறவங்களுக்குச் சோறு போட்டாகணும் பாய். வேற வழி தெரியல."

"ஆக்கிடுறேன் ஐயா. ஆக்குறதுக்கு என்ன," என்று சொல்லிவிட்டுப் பாய் போய்விட்டார். கப்பல் அரிசி வராததால் தன் கடையில் இருந்த சீரகச் சம்பா மூட்டைகளைத் திறந்தார். மனைவி வருகிறாள் என்று போன கப்பலில் வரவழைத்து வைத்திருந்தது அது.

சனிக்கிழமை உப்பங்கழிகள் வழியாக நாற்பத்து மூன்று டிங்கிகள் வந்தன. முந்தைய வருடம் தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஏழு பேரும் வந்தார்கள். நான் அவர்களைத் தேடிப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தேன். நெய்ச்சோறு எப்போதும் போலவே இருந்தது. பாய்தான் எப்போதும் போல இல்லை. "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று யாரையும் வம்புக்கு இழுக்காமல் பரிமாறினார்.

பாய்க்கு உடம்பு சரியில்லையா என்று கரேன் மூப்பர் என்னைக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாதிரியாரிடம் போய்ப் பேசினார். சாப்பாடு முடிந்து நன்றி ஜெபம் சொல்லும் முறை அன்று அவருடையது. ஜெபத்தின் கடைசியில் ஆமென் சொல்லாமல் நிறுத்திக்கொண்டு, கப்பல் வரும்வரை படா தின் முடியாது, ஆமெனை அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இந்தியில் அறிவித்தார்.

எல்லோரும் பாய்க்காகவே தங்கினார்கள் என்று எழுதினால் அது பொய். கடிதமும் மண்ணெண்ணெயும் வரவேண்டியவர்கள் எப்படியும் காத்திருப்பார்கள். ஆனால் அப்படி எதுவும் வர வேண்டாதவர்களும் தங்கினார்கள். ராஞ்சிக்காரர்கள் கோயில்களிலும், வங்காளிகள் பள்ளிக்கூடத்திலும், மற்றவர்கள் என் ஆபீஸ் வராந்தாவிலும் பாய் கடைக் கிடங்கிலும் படுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கரேன்காரர்கள் கழியில் மீன் பிடித்து வந்து ஆக்கினார்கள். திங்கட்கிழமை தனி அடுப்புக்காரர்களான எங்கள் முறை. பூசணிக்காய் சாம்பார்.

மூன்றாவது பந்தி நடக்கும்போது கப்பல் ஊதியது. என் டைரியில் மணி இரண்டு இருபது என்று இருக்கிறது. எச்சில் கையோடு ஜெட்டிக்கு ஓடினவர்களில் நானும் ஒருவன். ராஞ்சிக்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள். கரேன் பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய அந்த அம்மாள், கடல் மயக்கத்தில் சுவரைத் தேடுவதுபோலக் கையை நீட்டிக்கொண்டு பலகையில் கால் வைத்து இறங்கினார். பாய் டிக்கெட்டை நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பேரும் யாருக்காக நிக்கிறாக?"

பாய் பொய் சொல்லாத மனிதர். பாதிரியார் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நாளா உங்களுக்காகத்தாம்மா," என்றார் பாதிரியார். "கடுதாசிக்காகவுந்தான். ரெண்டும் சேத்து."

ராஞ்சிக்காரப் பெண் ஒருத்தி கேட்காமலே தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மூப்பர் நிறுத்தி வைத்திருந்த ஆமெனைச் சொன்னார். பந்தியில் அந்த அம்மாளுக்கு இலை போட்டு நான்தான் பரிமாறினேன்.

"நெய்ச்சோறுன்னு எழுதியிருந்தீக," என்று அவர் புருஷனிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "சாம்பாரு போடுறாக!"

இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு கமிட்டியில் தேதி என்ற பேச்சே எழவில்லை. கப்பல் ஊதினால் டிங்கிகள் ஓடிச் சேதி சொல்லும். சேதி எட்டாதவர்களுக்காக ஓர் அண்டாவை மறுநாளும் கழுவாமல் வைத்திருப்போம்.

அடுத்த கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் பாய் கவுண்ட்டருக்கு வந்தார். "டிக்கெட்ட அதுக்கு அடுத்த கப்பலுக்கு மாத்துங்க தம்பி. டிக்கெட்டு இருக்குல்லன்னு கேக்குறா. இருக்குன்னு சொல்லணும்." மாற்றினேன். அடுத்த கப்பலுக்கும் வந்தார், அதற்கு அடுத்ததற்கும். அடித்து அடித்து எழுதினால் பட்டியல் அசிங்கமாகிறது என்று, அந்த ஒரு பெயரை மட்டும் பென்சிலால் கடைசியில் எழுத ஆரம்பித்தேன்.

ஐந்தாம் வருடம் அந்த அம்மாளே வந்தார், இடுப்பில் குழந்தையோடு. பாய்க்குக் காய்ச்சல். கவுண்ட்டரில் எட்டிப் பட்டியலைப் பார்த்தார்.

"எம் பேரு மட்டும் பென்சிலா?"

"ஆமாம்மா."

"அதே இருக்கட்டும். பேனாவுல எழுதிராதீக," என்று சொல்லிவிட்டு, நெய்ச்சோற்றுக்கு இந்த வருடம் எத்தனை படி அரிசி போடவேண்டும் என்று கேட்டார்.