கோஃபிக்கு என்ன நட்சத்திரம்?

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு சின்னச் சிக்கல்.

அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். ஐயர் புதியவர். ஊரிலிருந்து வந்து இன்னும் ஒரு பனிக்காலத்தைக்கூட முழுதாகக் காணாதவர். தட்டை வாங்கிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஆற்ர பேருக்கு?"

"கோஃபி."

நிமிர்ந்து பார்த்தார். "மருமகனோ?"

"இல்லை ஐயா. தெரிஞ்ச ஒரு பெடியன். ஆபிரிக்காவில."

"நட்சத்திரம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பழைய ஐயர் இதெல்லாம் கேட்கமாட்டார். என்னைக் கண்டதுமே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுவார். இவருக்கு என்ன சொல்வது?

"நட்சத்திரம் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை பிறந்தவன். அது நிச்சயம்."

"அதெப்பிடி அவ்வளவு நிச்சயம்?"

"பேரே அதுதான் ஐயா. அவையிட ஊரில வெள்ளிக்கிழமை பிறந்த ஆம்பிளைப் பிள்ளைக்கு கோஃபி எண்டுதான் பேர் வைப்பினம்."

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஐயர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, சும்மா சொல்லக்கூடாது, சுக்கிரவாரத்தையும் சிவகோத்திரத்தையும் சேர்த்து, 'கோஃபி நாமதேயஸ்ய' என்று கணீரென்று சொல்லி அர்ச்சனையை முடித்துவிட்டார். மேற்கு ஆபிரிக்காவில் பிறந்த பெடியனுக்கு மொன்றியலில் கோத்திரம் கிடைத்தது இப்படித்தான்.

பின்னால் நின்ற ஓர் அம்மா என் தோளைத் தட்டினார். "பிள்ளை, ஆரது கோஃபி?"

அவருக்கு நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பாஸ்டர் ஜெபராஜ் அண்ணையும் நானும் ஒரு காலத்தில் மொன்றியலில் சென்ட் லோரன்ட் பக்கம் ஒரே மருந்துத் தொழிற்சாலையில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டியவர்கள். மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற கியூபெக் பெண்களோடு வாயடித்து வாயடித்தே நான் பிரெஞ்சு படித்தேன். அண்ணை அந்த நேரமெல்லாம் கர்த்தரோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார். விளைவு? இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருடைய பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டோடு நிற்கிறது. மேலிடத்தில் மட்டும் நல்ல செல்வாக்கு.

இப்போது அவர் சபையின் முழுநேர ஊழியர். ஒரு கிட்டங்கிக்கு மேலே வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். போன வருடம் டோகோ நாட்டுக்கு ஊழியத்துக்குப் போக ஏற்பாடு. டொரொன்டோவிலிருந்தும் சிலர் வருவதாக இருந்தது. அவர்களுக்கு ஆங்கிலம் அருவி மாதிரிக் கொட்டும். பிரெஞ்சு? ஒரு சொட்டும் இல்லை. டோகோவிலோ பிரெஞ்சு இல்லாமல் தண்ணீர்ப் போத்தல்கூட வாங்க முடியாது. மொழிபெயர்க்க இருந்த பிள்ளைக்குப் பரீட்சை வந்துவிட்டது. மொன்றியல்காரருக்கு மதிப்பு வருவது இப்படியான நேரத்தில்தான்.

அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, ஒரு கிழமைதான். வாயை மட்டும் தந்தாப் போதும்."

"அண்ணை, நான் சைவம்."

"வாய்க்கு என்ன சமயம்?"

வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போறதெண்டால் போ. மாறி மட்டும் வந்திடாதை" என்றார். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும்.

என் தம்பி, ஏஜென்சிக்காரரை நம்பி ஊரிலிருந்து வெளிக்கிட்டவன். கனடாவுக்கு என்றுதான் கூட்டிப்போனார்கள். அவனுடைய கடைசி டெலிபோன் ஆபிரிக்காவில் எங்கேயோ இருந்து வந்தது. எந்த நாடு என்று அவனுக்கே சொல்லவில்லை. "கடல் தெரியுது அக்கா. சனம் நல்ல சனம்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

சாதகம் பார்க்கும் சாத்திரி ஒருவர் அம்மாவிடம், உயிரோடு இருக்கிறான், சித்திரைக்குள் சத்தம் வரும் என்று சொன்னார். எத்தனையோ சித்திரை வந்துபோனது. அம்மா இங்கே வந்த பிறகும், கண்ணை மூடும்வரை வீட்டு டெலிபோன் நம்பரை மாற்ற விடவில்லை. அந்தச் சாத்திரிமேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

தம்பி சொன்ன அந்த நல்ல சனம் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதுதான் ஓம் என்றேன்.

டோகோவில், தார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். சுவரில்லாத தகரக் கொட்டகையில் கூட்டம். அண்ணை தமிழில் பிரசங்கிப்பார். நான் பிரெஞ்சில் சொல்வேன். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட வாத்தியார் அதை ஊர்ப் பாஷையில் சொல்வார். ஒரு வசனம் மூன்று வாய் கடந்து போகவேண்டும். வாத்தியாருடையது புத்தகப் பிரெஞ்சு. என்னுடையது ஃபாக்டரிப் பிரெஞ்சு. முதல் நாள் முழுக்க அவர் நெற்றியைச் சுருக்கியபடியே நின்றார். பாவம்.

அண்ணை தான் மதம் மாறிய கதையைச் சொல்லும் சாட்சியில் ஓர் இடம் வரும். "நான் விக்கிரகங்களைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தவன்" என்பார். மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றுதானே சொல்லவேண்டும்? சொன்னேன். அதில் எனக்கு ஒரு பொய்யும் இல்லை. 'அதையெல்லாம் விட்டுவிட்டேன்' என்ற அடுத்த வசனத்தில்தான் நாக்கு கொஞ்சம் இழுபட்டது.

எனக்கு இன்னொரு சந்தேகம். கிராமத்துக்குள் நடந்தபோது ஏற்கெனவே இரண்டு மூன்று சபைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருந்தேன். ஒரு சின்னப் பள்ளிவாசலும் இருந்தது. பிறகு நாங்கள் எதற்கு? வாத்தியாரிடம் தனியாகக் கேட்டேன்.

"நீங்கள் தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்" என்றார் அவர். "வந்தவர்கள் பேசினால் இருந்து கேட்பதுதானே மரியாதை?"

ஒரு காலத்தில் எங்கள் ஊருக்கும் இப்படித்தான் பாதிரிமார் கப்பலேறி வந்தார்கள். எங்கள் ஆட்களும் மரியாதைக்குத்தான் இருந்து கேட்டார்களோ, யார் கண்டது? வாத்தியார் சொன்னதை நான் அண்ணைக்கு மொழிபெயர்க்கவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் முன்னால் வந்தார். என் வயதுதான் இருக்கும். சந்தியில் சோளம் சுட்டு விற்பவர். எல்லோரும் அவரை 'மமான் கோஃபி' என்றார்கள். கோஃபியின் அம்மா. எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். முன்பு தலைநகரத்தில் வீட்டுவேலை செய்தவராம், நல்ல பிரெஞ்சு பேசினார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என் மகன் வடக்கே போனான். பாலைவனம் தாண்டி லிபியா, அங்கிருந்து கடல் என்று சொன்னான். மழை தொடங்கிய பிறகு போன் இல்லை. உங்கள் கடவுளிடம் கேட்டுச் சொல்லுங்கள். இருக்கிறானா, இல்லையா?"

அண்ணைக்குச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்தார். ஜெபம் என்றால் அப்படி ஒரு ஜெபம். தகரக் கூரை அதிர்ந்தது. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. நடிப்பில்லை. லேபிள் ஒட்டிய காலத்திலிருந்தே எனக்கு அவரைத் தெரியும். அடுத்தவர் துன்பம் கேட்டால் தாங்கமாட்டார்.

பிறகு கண்ணைத் திறந்தார். "கர்த்தர் சொல்லுறார். அவன் உயிரோட இருக்கிறான். நத்தாருக்கு முன்னம் அவன்ர சத்தத்தை இவ கேப்பா. சொல்லுங்கோ தங்கச்சி."

அந்தத் தாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சாத்திரி சொன்ன அதே வசனம். சித்திரைக்குப் பதில் நத்தார் என்ற கிறிஸ்மஸ், அவ்வளவுதான் வித்தியாசம். டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்த என் அம்மாதான் எனக்குத் தெரிந்தார். இன்னொருத்தியை அப்படி இருத்திவைக்க என்னால் முடியாது.

பிரெஞ்சில் சொன்னேன். "பாஸ்டர் உங்கள் மகனுக்காக மனமுருகி ஜெபித்திருக்கிறார். அவன் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது."

"அல்லேலூயா" என்றார் அண்ணை, திருப்தியாக.

அன்று பின்னேரம் நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் மமான் கோஃபி வந்து நின்றார். கையில் சுட்ட சோளம். சுற்றி வளைக்கவில்லை.

"அவர் நீளமாகச் சொன்னார். நீ குட்டையாகச் சொன்னாய். மிச்சம் எங்கே?"

என்ன செய்வது? சொன்னேன். உயிரோடு இருக்கிறான், நத்தாருக்கு முன் பேசுவான் என்று சொன்னார், எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அதை எனக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்த் தெய்வத்தின் பூசாரி சொன்னார். பள்ளிவாசல் மௌலவி சொன்னார். தெரியாது என்று சொன்னது நீ ஒருத்திதான். அதனால் நீ கேள்."

"நானா?"

"எல்லாம் தெரிந்தவர்கள் ஏன் கடவுளிடம் போய்க் கேட்கப்போகிறார்கள்? தெரியாதவள்தான் கேட்பாள்."

நான் இந்தச் சபை ஆள் இல்லை, என் கடவுள் வேறு என்று சொன்னேன். அதற்கு அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உன் கடவுளுக்கு அந்தப் பாதை தெரியுமா?"

யோசித்தேன். காடு, கொள்கலன், படகு, கள்ளப் பாஸ்போர்ட்... "நன்றாகத் தெரியும்" என்றேன். "எங்கள் ஆட்கள் பலபேர் அப்படியான பாதைகளால்தான் வந்தார்கள்."

"எல்லோரும் வந்து சேர்ந்தார்களா?"

"இல்லை."

தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் சோளத்தை இரண்டாக முறித்துப் பாதியை என் கையில் வைத்துவிட்டுப் படியில் என் பக்கத்திலேயே இருந்தார். இருவரும் சாப்பிட்டோம். தம்பி சொன்னது சரிதான், நல்ல சனம்.

மொன்றியலுக்குத் திரும்பி வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கோஃபியின் பெயருக்கு அர்ச்சனை. அதுதான் ஐயரோடு நடந்த கதையின் முன்கதை.

நத்தார் வந்தது. போனது. தை பிறந்தது. ரோட்டோரப் பனி என் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. மமான் கோஃபியிடமிருந்து வாட்ஸ்அப்பில் நலம் விசாரிப்பு வரும். மகனைப் பற்றி ஒன்றும் வராது. நானும் கேட்கமாட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணையின் போன் வந்தது. "தங்கச்சி, ஒருக்கால் மண்டபத்தடிக்கு வாறியளோ? பேந்து பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ."

போனேன். ஆராதனை முடிந்து சனம் கலைந்துவிட்டது. பார்க்கிங்கில் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். ஏறி உட்கார்ந்தேன்.

"நத்தார் போயிட்டுது" என்றார்.

"ஓம் அண்ணை."

"கண்ணை மூடினால் அந்தத் தாய்தான் வாறா. அண்டைக்கு நான் சொன்னது கர்த்தர் சொன்னதோ, இல்லாட்டி நான் ஆசைப்பட்டதோ... எனக்கே இப்ப விளங்கேல்லைத் தங்கச்சி. ஒரு தாய்க்கு அப்பிடித் தவணை சொல்லலாமோ?"

இதற்குமேல் மறைப்பது அழகில்லை. "அண்ணை, நான் அண்டைக்கு அதைச் சொல்லேல்லை. பேந்து அவவே வந்து கேட்டுத்தான் சொன்னனான். தெரியாது எண்டும் சேர்த்துச் சொன்னனான்."

ஏச்சு விழும் என்று கதவுப்பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கினேன். அண்ணை முன்கண்ணாடி வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கட வாயை மட்டும்தானே கேட்டனான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "அவவோட கதைக்கோணும். எடுங்கோ."

வாட்ஸ்அப் வீடியோவில் எடுத்தேன். அங்கே பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. சந்தி, புகை, பின்னால் மோட்டார் சைக்கிள்கள். மமான் கோஃபி போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுச் சோளத்தைத் திருப்பிக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

அண்ணை தொண்டையைச் சரிசெய்தார். ஒரு பிரசங்கம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும் தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அவ்வளவுதான். அப்படியே சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மமான் கோஃபியின் கை நின்றது. அண்ணையின் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார். "சரி. அப்படியென்றால் இனி அவரும் கேட்கலாம்."

அதையும் அண்ணைக்குச் சொன்னேன்.

அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துத் தலையைக் குனிந்தார். கண்ணை மூடினார். உதடுகூட அசையவில்லை. அண்ணை சத்தமில்லாமல் ஜெபித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்... மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.