அவர் குடித்த தண்ணீர்

என் கணவர்மேல் எனக்கு இருக்கும் பொறாமையை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துத்தான் அது தொடங்கியது.

இருவரும் சிவகாசியில் நர்ஸ் வேலை பார்க்கிறோம். படிப்பு ஒன்று, வேலை ஒன்று, சம்பளமும் ஒன்று. கொரோனா வந்தபோது ஊருக்கு வெளியே ஓர் ஆண்கள் விடுதியை வார்டாக்கி, இருவரையும் அங்கே போட்டார்கள். ஊரடங்கில் பட்டாசு கம்பெனி வேன்கள்கூட ஓடவில்லை; சித்திரை வெயில் வேறு. கிளம்புமுன் அவர் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிப்பார். நான் காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த விடுதியின் கழிப்பறைகள் எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. பையன்கள் தங்கிய இடம், யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? டூட்டி முடிந்து கவச உடையைக் கழற்றியதும் அவர் நேராக அங்கே போவார். நான் வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

உடையும் அப்படித்தான். எல்லாம் ஒரே அளவு, அதுவும் அவர் அளவு. அவருக்கு மாப்பிள்ளைக் கோட்டு மாதிரி கச்சிதமாக இருக்கும். எனக்குக் கால் தரையில் புரளும். அச்சகத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் காலண்டர் பெட்டி ஒட்டுகிற டேப்பை வாங்கிக் கணுக்காலில் சுற்றிக்கொள்வேன். மாதவிலக்கு நாட்களில் அதற்குள் மணிக்கணக்கில் நின்றதை எழுத இப்போதும் கை கூசுகிறது. கூசட்டும், எழுதிவிட்டேன். அந்த நாட்களில் அவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். நல்ல மனிதர்தான். அதற்காக எரிச்சல் குறைந்துவிடுமா?

போன மாதம் விருதுநகரில் ஒரு கூட்டம். இன்னொரு தொற்று வந்தால் என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும் என்று வார்டில் நின்றவர்களிடம் கேட்கப்போகிறார்களாம். எங்களில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று சொல்லி அவர் பெயரை எழுதிக்கொண்டார் மேலதிகாரி. "உங்களுக்குப் பிள்ளைக இருக்காகளே" என்று எனக்கு ஞாபகப்படுத்தினார். பிள்ளைகளை என்னவோ நான் தனியாகப் பெற்றுக்கொண்டது போல.

காலையில் அவர் கிளம்பும்போது சொல்லி அனுப்பினேன்.

"சின்ன அளவு உடை வேணும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேணும். மறந்துராதீக."

தண்ணீர் குடித்தபடியே தலையாட்டினார்.

சாயங்காலம் சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு வந்தார்.

"என்ன கேட்டாக?"

"உடை எப்படி இருந்துச்சு, இடம் வசதியா இருந்துச்சான்னு கேட்டாக. ஒரு குறையும் இல்லன்னு சொன்னேன்."

"நான் சொல்லி விட்டது?"

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது. இதையெல்லாம் மறப்பதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு வந்த பொறாமை கொரோனா காலத்தில்கூட வந்ததில்லை. சேவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்தேன்.

"அடுத்த கூட்டம் எப்ப?"

"வர்ற வெள்ளிக்கிழமை. என்னென்ன வாங்கணும்னு அன்னைக்குத்தான் முடிவு பண்றாக."

"அதுக்கு நான் போறேன். மேலதிகாரிகிட்ட நானே சொல்லிக்கிறேன். விடியவும் கிளம்பிருவேன்."

அவர் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப பிள்ளைகளுக்குச் சோறு?"

செம்பை எடுத்து, நின்றபடியே அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"ஒரு குறையும் இருக்காது" என்றேன்.