லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நான் கிரிம்ப் பண்ணிய கேபிள்

ரெபேக்கா, டேனியல், ஃபோனில் பாடம் நின்றுபோனால் உடனே "நெட் சரியில்லை" என்கிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். அப்பா ஓ/எல் பரீட்சை வரைதான் படித்தவன். பதுளையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கேபிள் இழுப்பது என் வேலை.

1. போட்டி

எங்களிடம் இரண்டு இஞ்சினியர்மார். ரவி லினக்ஸ்காரர். சேவியர் ஃப்ரீபிஎஸ்டிக்காரர். இரண்டுமே கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்றும் பார்க்கலாம். ஏழு தோட்டங்களிலும் ரூட்டர்களை ஃப்ரீபிஎஸ்டியில் போட்டு வைத்தவர் சேவியர். அது அவருடைய இரண்டு வருட உழைப்பு.

"உங்க சாமானை மியூசியத்துக்குக் குடுங்க சேவியர்," என்பார் ரவி.

"ஒங்களுது வெலிமடை சந்தை. வாறவன் போறவன் எல்லாம் ஒரு மூட்டைய எறக்கி வச்சிட்டுப் போறான்."

கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைகளின் கணித வகுப்பு வீடியோ அடிக்கடி நின்றது. எங்கள் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டையும் ஒரே மாதிரி மெஷின்ல ஓட்டிப் பாருங்க. ஃப்ரீபிஎஸ்டி தோத்தா ஏழு தோட்டத்திலயும் அதை அழிச்சிருவோம்."

2. எட்டு விளக்கு

அந்தத் தோட்டத்து ஃபாக்டரியின் மேல்மாடியில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் டவர் அறைக்கு ஒரு நீளக் கேபிள். கடைக் கேபிள் ஒன்றுதான் இருந்தது. அது லினக்ஸுக்குப் போனது. மற்றதை நான் கிரிம்ப் பண்ணினேன், அதாவது வயர்களைப் பிளாஸ்டிக் தலையில் சொருகி நெருக்கினேன். டெஸ்டரில், உள்ளிருக்கும் வயருக்கு ஒன்றாக, எட்டு விளக்கும் எரிந்தன.

வேகத்தை அளந்தால், லினக்ஸ் தொண்ணூறு எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியது. ஃப்ரீபிஎஸ்டி இருபதுக்கு மேல் ஏறவில்லை. சேவியர் இரண்டு நாள் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் ரவிகூடக் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். "சரி சேவியர், அழிச்சிருங்க."

சேவியர் கீபோர்டில் கை வைத்தார். எனக்கு அந்தக் கேபிள் ஞாபகம் வந்தது. அது பிழை என்றால் ஏழு தோட்டத்திலும் நான் போட்டதெல்லாம் பிழை. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. அது நான் செஞ்ச கேபிள். மாத்திக் குத்திப் பாத்துட்டு அழிக்கலாம்."

"எட்டு லைட்டும் எரியுதுன்னு நீதானே சொன்ன அந்தோனி?"

"ஆமாங்க. எரியத்தான் செய்யுது."

இரண்டு கேபிளையும் மாற்றிக் குத்தினோம். லினக்ஸ் இருபதுக்கு விழுந்தது. ஃப்ரீபிஎஸ்டி தொண்ணூறைத் தாண்டியது.

ரவி கேபிளின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அண்ணே, மூணாவது ஓட்டையும் ஆறாவது ஓட்டையும் ஒரே சோடியா வரணும். நீங்க பக்கத்துப் பக்கத்துல சோடி சேத்திருக்கீங்க." கேபிளுக்குள் எட்டு வயரும் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும்; என் கை டெலிபோன் வயரில் பழகிய கை. கரண்டு போய்ச் சேருவதால் விளக்கு எரியும். ஆனால் ஒரு சோடியின் இரைச்சல் மற்றதில் கலந்து செய்தி உடைந்துவிடும்.

சேவியர் திரையில் ஒரு பட்டியலை எடுத்தார். செய்தி துண்டு துண்டாகத்தான் போகும்; உடைந்து வந்த ஒவ்வொரு துண்டையும் அவருடைய ஃப்ரீபிஎஸ்டி எண்ணி வைத்திருந்தது. "ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நான்தான் பாக்கலை." இப்போது லினக்ஸ் திரையிலும் அதே எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, யோசித்துப் பாருங்கள். கொஸ்லந்தை என்ற பேரையே கேட்டிராத யாரோ எழுதியவை அந்த இரண்டு மென்பொருளும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் வாசித்து, வராத ஆளைக் குறித்து வைப்பதுபோல ஒவ்வொரு துண்டையும் கணக்கெடுத்து, உடைந்ததை மறுபடி மறுபடி வரவழைத்து, என் மோசமான கேபிள்களிலும் பாடத்தை இத்தனை நாள் இழுத்துக்கொண்டு வந்திருக்கின்றன. சண்டை போட்டது மனிதர்கள்தான். பெட்டிகள் இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்லின.

முதலாளி எதையும் அழிக்கச் சொல்லவில்லை. "ஏழு தோட்டத்துக்கும் நீயே போ," என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. அடுத்தவன் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் நம் கை செய்ததைப் பார்க்க வேண்டும். நான் படித்தது அவ்வளவுதான்.

மற்றவர்கள் வேனில் போய்விட்டார்கள். நான் பஸ்ஸுக்கு நின்றேன். பையில் அதே பிழையோடு முன்பே செய்து வைத்திருந்த புதுக் கேபிள்கள் ஒன்பது இருந்தன. தோட்டத்து வாசல் கல்லில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பக்கத் தலையையும் வெட்டிப் போட்டேன்.