ஆம்னி வேனுக்கு அளவெடுத்து வாங்கிய டிரம்ஸ்

பழைய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைக் கத்தியால் அறுக்கும்போது ஒரு வாசனை வரும்... கொஞ்சம் தூசி, கொஞ்சம் பசை. அந்த வாசனை வந்தாலே எனக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வந்துவிடும்.

நேற்று நம் டிரம்மர்கள் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போக அடக்கமாக, விலையும் கம்மியாக ஒரு டிரம் கிட் சொல்லுங்கள் என்று. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் டைப் அடித்து அடித்து அழித்தேன். அப்புறம், இதை எழுதியே விடலாம் என்று தோன்றியது.

அப்போது திருவண்ணாமலையில் முரளி நடத்திய ஆர்கெஸ்ட்ராவில் நான் டிரம்மர். அவன் கீபோர்டு. பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. என்னிடம் இருந்தது பெரிய கிட். காலால் மிதித்து அடிக்கும் டிரம்மை நாங்கள் கிக் என்போம், அது மட்டுமே இருபத்திரண்டு இஞ்ச். ஒரு மிதி மிதித்தால் பந்தல் கடைசியில் நிற்பவன் நெஞ்சில் போய் விழும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஆனால் அது முரளியின் ஆம்னி வேனில் ஏறாது. எல்லோரும் வேனில் போவார்கள். நான் மட்டும் லோடு ஆட்டோவில் டிரம்ஸைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் போவேன். போய்ச் சேரும்போது அவர்கள் டிபன் முடித்து, எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்ன விஷயம் என்று கேட்டால், "அத வுடு, வண்டியில நடந்தது" என்பார்கள்.

எனக்கு அந்த வேனில் ஒரு இடம் வேண்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

ஒரு பௌர்ணமி சாயங்காலம் அடி அண்ணாமலையில், அன்னதானப் பந்தலில் பக்திப் பாட்டு. கிரிவலப் பாதையில் வண்டியை விடவில்லை. கிக்கை நானும் முரளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தோம். மேடை என்பது நாலு பெஞ்சு. டிரம்ஸை வைத்ததும் பாடுகிற அக்காவுக்கு நிற்க இடமில்லை, கீழே நின்று பாடினார்.

"சின்னதா ஒண்ணு வாங்கிடு மச்சி," என்றான் முரளி. "வேன்லயே போட்டுக்கலாம். நீயும் எங்ககூடவே வந்துடலாம்."

எங்ககூடவே... அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம்தான் அந்த அட்டைப்பெட்டி. இருபது, பதினெட்டு, பதினாறு இஞ்ச் கிக் அளவுக்கு அட்டையை வட்டம் வட்டமாக வெட்டினேன். வேனில் ஸ்பீக்கரையும் கீபோர்டையும் ஏற்றிவிட்டு, மிச்ச இடத்தில் ஒவ்வொரு வட்டமாக நிறுத்திப் பார்த்தோம். இருபது உள்ளேயே போகவில்லை. பதினெட்டுக்குப் பின்கதவு மூடவில்லை. பதினாறுக்கு டப்பென்று மூடியது. ரெண்டு பேரும் கைதட்டினோம்.

வேன் கதவின் சத்தத்தைக் கேட்டு டிரம்ஸ் வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாங்க முரளியும் நானும் சென்னைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷன். சின்ன ஹாலுக்கு இது அருமை, திறந்த மைதானம் என்றால் கிக்குக்குத் தனி மைக் கட்டாயம் வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேங்க," என்றான் முரளி. என் பெரிய கிட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். அதை உள்ளே தூக்கிப் போனபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஆறு மாசம் வேனில் போனேன். சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லக் கூடாது. அவர்கள் சிரித்த விஷயங்களையெல்லாம் கேட்டேன். எல்லாம் சுமார்தான்.

ஆடி மாசம் கீழ்பென்னாத்தூர் பக்கம் அம்மன் கோயில் திருவிழா. பெரிய மைதானம். சவுண்டு மிக்ஸரில் இன்னொரு மைக் செருக சேனல் இல்லை, கிக்குக்கு மைக் கிடையாது என்று முரளி கடைசி நேரத்தில் சொன்னான். முட்டி வலிக்க மிதித்தேன். முன்வரிசைக்கே கேட்கவில்லை. விழா கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து, என் காதில் விழும்படியே முரளியிடம் கேட்டார்.

"என்னாங்க, அவரு வாசிக்கிறாரா, சும்மா உக்காந்துனு இருக்கறாரா?"

முரளி வேனைப் பற்றிச் சொல்லவில்லை. மைக்கைப் பற்றியும் சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து சிரித்தான்.

அடுத்த வாரம் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னான். ரிதம் பேட், அதாவது மிக்ஸரில் செருகி வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம்ஸ் பலகை, அதை வாசிக்க வேலூரில் இருந்து ஒருவர் வரப்போகிறாராம்.

"உன் செட்டுல அடி இல்ல மச்சி. கமிட்டிக்காரங்க கேக்கறாங்க."

"மைக்க நீ பாத்துக்கறேன்னு சொன்னியேடா."

அவன் டீயை ஒரு வாய் உறிஞ்சினான். "அவரு பேட மடியிலயே வச்சினு வந்துடுவாரு. வண்டியில எடமும் மிச்சம்," என்றான்.

எனக்கு இல்லாத சேனல் அந்த மிக்ஸரில் அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டிக்கொண்டவன் நான். வெட்டின பிறகு, உனக்கு நடக்கத் தெரியவில்லையே என்கிறான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம் ஒரு கஃபேயில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறேன். அதே பதினாறு இஞ்ச். அங்கே அதுவே சத்தம் ஜாஸ்தியாம்... கிக்குக்குள் போர்வையை மடித்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கிறேன்.

போன மாசம் பஸ் ஸ்டாண்டு பக்கம் முரளியைப் பார்த்தேன். பெரிய டெம்போ வேன் வாங்கியிருக்கிறான். உள்ளே இருபத்திரண்டு இஞ்ச் கிக், புது கிட், புது டிரம்மர். இப்போதெல்லாம் பேட் யாருக்கும் பிடிக்கவில்லை, மேடையில் நிஜ டிரம்ஸ்தான் கேட்கிறார்கள் என்று அவனே சொன்னான்.

"நீ இன்னும் அந்தச் சின்ன செட்டுதானா மச்சி?"

ஆமாம் என்றேன். ஆம்னி எங்கே என்று கேட்டேன்.

"அத அப்பவே வித்துட்டேன்டா."

கேட்ட நண்பருக்கு... சின்ன கிட் நல்லதுதான். என்னுடையதில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. காதால் கேட்டு வாங்குங்கள். அடுத்தவன் வேனை அளக்கப் போகாதீர்கள்.

அந்த வேன் இப்போது அவனிடம்கூட இல்லை. அதற்கு அளவெடுத்து வாங்கிய டிரம்ஸ் மட்டும் என் வீட்டில் இருக்கிறது.